வேரும் கூரையும் கற்பிக்கும் பாடம்: பழங்குடிச் சூழல் அறிவும் கட்டடக்கலைக் கல்வியும்

எரிசக்தியோடும் தொழில் உற்பத்தியோடும் தொடர்புடைய உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கட்டடங்களைக் கட்டுவதாலும் பயன்படுத்துவதாலும் விளைகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. சிமென்ட், எஃகு, கண்ணாடி ஆகிய மூன்றையும் நம்பி வளர்ந்த கட்டடக்கலைத் துறை, நிலத்தையும் நீரையும் குலைக்காமல் கட்டும் முறையை யாரிடமிருந்து கற்பது என்னும் கேள்வியை இன்று தவிர்க்க முடியாமல் எதிர்கொள்கிறது. அந்தக் கேள்விக்குரிய விடைகளுள் ஒன்று, காட்டோரங்களிலும் மலைச்சரிவுகளிலும் சதுப்பு நிலங்களிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்து, அங்கே விளைவனவற்றைக் கொண்டே வீடும் பாலமும் வழிபாட்டிடமும் அமைத்துவரும் பழங்குடி மக்களிடம் இருக்கிறது. கட்டடக்கலைக் கல்லூரிகளோ அந்த விடையை நெடுங்காலம் பாடமாகவே கருதவில்லை.

பழங்குடிச் சூழல் அறிவு என்பது ஒரு நிலப்பகுதியின் மழை, மண், மரம், விலங்கு ஆகியவற்றோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்த சமூகம், அவற்றுக்கு இடையிலான உறவுகளைக் கவனித்துத் திரட்டிய அறிவாகும். கனடாவில் பணியாற்றிய சூழலியலாளர் ஃபிக்ரெட் பெர்கெஸ், 1999இல் வெளியான தம் நூலில், அறிவும் நடைமுறையும் நம்பிக்கையும் ஒன்றோடொன்று பிணைந்து, தலைமுறைதோறும் சூழலுக்கேற்பத் திருத்தம் பெற்று வளர்கிற தொகுப்பு என்று இதனை விளக்கினார். எந்த மரத்தை எந்தப் பருவத்தில் வெட்ட வேண்டும் என்பது அறிவு. ஊர் கூடி அதை வெட்டும் முறை நடைமுறை. குறிப்பிட்ட காட்டில் கோடரி படக்கூடாது என்பது நம்பிக்கை. இம்மூன்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தால் மற்ற இரண்டும் தளர்ந்துவிடும். ஆகவே இவ்வறிவைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவருவது மூங்கிலையும் புல்லையும் கட்டுமானப் பொருள்களின் பட்டியலில் சேர்ப்பதோடு முடிகிற வேலையன்று. கட்டடத்தின் ஆயுள், அதன் பராமரிப்பு, அதன் பொருள் விளையும் நிலம், அந்நிலத்து மக்களின் உரிமை ஆகிய நான்கையும் வடிவமைப்பின் உள்ளேயே வைத்துச் சிந்திக்கக் கற்பிப்பதுதான் உண்மையான பணி.

வளர்த்தெடுக்கப்படும் பாலங்கள்

இந்தப் பணியின் அளவை உணர்வதற்கு மேகாலயத்தின் வேர்ப்பாலங்கள் தெளிவான சான்றாக அமைகின்றன. அம்மாநிலத்தின் தெற்கு விளிம்பில் காசி, ஜைந்தியா மலைகள் வங்கதேசச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்குகின்றன. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் பருவக்காற்று இந்தச் சரிவில் மோதி மேலெழுவதால், உள்ளூர் மக்கள் சோரா என்றழைக்கும் சிரபுஞ்சியிலும் அருகிலுள்ள மௌசின்ராமிலும் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இது சென்னை ஓராண்டில் பெறும் மழையைப் போல ஏறத்தாழ எட்டு மடங்காகும். மழை குறைந்த பருவத்தில் தாண்டிக் கடக்கக்கூடிய ஓடைகள் மழைக்காலத்தில் பாறைகளை உருட்டிக்கொண்டு பாய்கின்றன. பாக்கும் வெற்றிலையும் பிரிஞ்சி இலையும் பயிரிட்டு, அவற்றை முதுகில் சுமந்து மேட்டிலுள்ள சந்தைக்குக் கொண்டுசெல்லும் சரிவுக் கிராமத்தாருக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பாதை இன்றியமையாதது. அங்கே மூங்கில் பாலம் சில ஆண்டுகளில் அழுகிவிடுகிறது; இரும்பு வடம் ஓயாத ஈரத்தில் துருப்பிடிக்கிறது.

இதற்கு அம்மக்கள் கண்ட வழி, பாலத்தை நட்டு வளர்ப்பதாகும். ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்த இந்திய ரப்பர் மரம் கிளைகளிலிருந்தும் தண்டிலிருந்தும் விழுது விடும் இயல்புடையது. பாறை இடுக்கிலும் வேரூன்றி நிற்கக்கூடியது. ஓடையின் கரையில் இதன் கன்றை நட்டு, அது வளர்ந்து விழுது விடத் தொடங்கியதும், இளம் விழுதுகளைக் கையால் இழுத்து, ஓடையின் குறுக்கே கட்டிய மூங்கில் சட்டத்தின் மீதோ, நெடுக்காகப் பிளந்து உட்குடைந்த கமுகந் தண்டுகளின் வழியாகவோ மறுகரைக்குச் செலுத்துகின்றனர். கமுகந் தண்டு மென்மையான விழுதை வெயிலிலிருந்து காத்து, ஈரத்தையும் மட்கையும் தாங்கி அதற்கு உணவளிக்கிறது. மறுகரையைத் தொட்ட விழுது மண்ணில் இறங்கி வேரூன்றியபின் விரைவாகத் தடிக்கத் தொடங்குகிறது. விழுதுகளை ஒன்றோடொன்று முறுக்கியும் முடிச்சிட்டும் வைத்தால், அவை உரசி அழுந்தும் இடங்களில் பட்டை தேய்ந்து உள்மரம் ஒன்றாகப் பிணைந்துவிடுகிறது. தாவரவியலில் வேர்ப்பிணைவு எனப்படும் இந்நிகழ்வே தனித்தனி விழுதுகளை ஒரே சட்டகமாக்குகிறது. சட்டமாக நின்ற மூங்கில் அழுகி உதிரும்போது பாலம் தன் காலில் நிற்கும் வலிமையை அடைந்திருக்கும். பின்னர் இடைவெளிகளில் கல்லும் மண்ணும் இலைச்சருகும் இட்டு நடைதளத்தை நிரப்புகின்றனர்.

ஒரு பாலம் மனிதர் நடமாடும் நிலையை அடையப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். பல பாலங்களுக்கு ஒரு தலைமுறைக் காலமே தேவைப்படுகிறது. அதன்பிறகு, முறையாகப் பேணப்படும் பாலம் நூற்றாண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. கான்கிரீட் பாலம் திறப்பு விழா நாளில் உச்ச வலிமையோடு இருந்து படிப்படியாகத் தேய்வது. வேர்ப்பாலமோ பயன்படுத்தப்படும் காலமெல்லாம் தடித்து வலுப்பெறுவது. கரையில் நிற்கும் மரத்தின் வேர்த்தொகுதி சரிவின் மண்ணையும் பிடித்து நிறுத்துவதால், பாலமும் கரைக்காப்பும் ஒரே உயிரியின் இரு பணிகளாக அமைந்துவிடுகின்றன. பிரிட்டிஷ் அதிகாரி ஹென்றி யூல் 1844இல் இப்பாலங்களைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். 2022இல், எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் காணப்படும் இவற்றின் நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

கட்டடக்கலை மாணவர் இதிலிருந்து கற்கவேண்டியது ஒரு புதுமையான வடிவத்தை மட்டுமன்று. வரைபடம் முடிந்து, ஒப்பந்தக்காரர் கட்டிமுடித்து, சாவியை ஒப்படைத்ததும் வடிவமைப்பாளரின் பொறுப்பு நிறைவடைகிறது என்னும் தொழில்முறைக் கருத்துக்கு இங்கே இடமில்லை. புதிதாக முளைத்த விழுதை எந்தப் பக்கம் செலுத்துவது, எந்த விழுதை நறுக்குவது, பட்டுப்போன பகுதிக்கு மாற்றாக எதை இழுத்துக் கட்டுவது என்பவற்றை அந்தந்த ஆண்டின் வளர்ச்சியைப் பார்த்து ஊரார் முடிவுசெய்கின்றனர். கட்டுவதும் பேணுவதும் இங்கே ஒரே செயலாகிவிடுகின்றன. கன்றை நட்டவர் அந்தப் பாலத்தில் நடக்காமலே மறைந்துபோகலாம் என்பதை அறிந்தே நடுகிறார். இந்தக் கால அளவை, ஒரு பருவத்துக்குள் தொடங்கி மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் வடிவமைப்புப் பயிற்சி எளிதில் உள்வாங்க முடியாது.

ஆயினும் இவ்வறிவு நவீன ஆய்வோடு உரையாடக்கூடியது என்பதற்குச் சான்று உண்டு. உயிருள்ள மரங்களைக் கட்டடத்தின் தாங்கும் உறுப்புகளாக வளர்க்கும் துறையில் ஜெர்மனியில் பணியாற்றிவரும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் லுட்விக்கும் அவருடைய குழுவினரும், பாலங்களை வளர்ப்போரிடம் கேட்டறிந்தும், புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரிகளை உருவாக்கியும் 74 பாலங்களை ஆராய்ந்து 2019இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். லுட்விக்கின் பங்களிப்போடு ஜெர்மனியின் நாகோல்டு நகரில் 2012இல் அமைக்கப்பட்ட மரக்கனச்சதுரம், நூற்றுக்கணக்கான இளம் பிளேன் மரங்களை அடுக்கடுக்காக வைத்து, அவை ஒன்றோடொன்று பிணைந்து ஒரே கட்டமைப்பாக வளரும்படி உருவாக்கப்பட்டதாகும். காசி மலைகளில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள அதே தாவர இயல்பு, ஓர் ஐரோப்பிய நகரத்தின் நடுவே வேறு மரத்தையும் வேறு முறையையும் கொண்டு சோதிக்கப்படுகிறது.

அளவெடுத்து வரைவதன் எல்லை

பழங்குடிக் கட்டடங்களைக் கட்டடக்கலை உலகம் முன்பே கவனிக்காமல் இல்லை. 1964இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி நடத்திய ‘கட்டடக்கலைஞர் இல்லாத கட்டடக்கலை’ என்னும் கண்காட்சி, உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த மரபுவழிக் குடியிருப்புகளின் படங்களை முன்வைத்து, பாடநூல் வரலாற்றின் குறுகிய எல்லையைச் சுட்டிக்காட்டியது. அதன் தாக்கம் பெரிது. ஆனால் அந்தப் படங்களின் வழியே வடிவங்கள் புகழ்பெற்ற அளவுக்கு, அவற்றைக் கட்டியவர்களின் அறிவும் அவர்கள் நிலத்தின் நிலையும் கவனம் பெறவில்லை. இந்தியக் கல்லூரிகளில் வழக்கத்தில் உள்ள அளவெடுத்து வரையும் களப்பயிற்சியும் இதே எல்லையைக் கொண்டது. மாணவர்கள் ஒரு கிராமத்தில் சில நாள் தங்கி, வீடுகளை நாடா பிடித்து அளந்து, தளவரைபடமும் வெட்டுமுகமும் வரைந்து திரும்புகின்றனர். வீடு துல்லியமாகப் பதிவாகிறது. அந்த வீட்டைச் சாத்தியமாக்கிய காடும் சதுப்பும் தாளுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

நீலகிரித் தோடர்களின் கட்டடங்கள் இந்தக் குறையை நேரடியாக உணர்த்துகின்றன. எருமை வளர்ப்பை வாழ்வின் மையமாகக் கொண்ட தோடர்கள், மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழ்கின்றனர். அவர்களுடைய மரபான வீடும், எருமைப்பாலோடு தொடர்புடைய வழிபாட்டிடமும், நீளவாக்கில் பாதியாகப் பிளந்து கவிழ்த்த பீப்பாயின் வடிவுடையவை. மூங்கிலை வில்லாக வளைத்து வரிசையாக நிறுத்தி, குறுக்கே மூங்கில் கழிகளைப் பிரம்பால் நெருக்கமாகக் கட்டி, அதன்மேல் புல் வேய்கின்றனர். கூரையே சுவராகவும் தரைவரை இறங்குவதால் மலைக்காற்று மோதித் தங்குவதற்குத் தட்டையான பரப்பு கிடைப்பதில்லை; மழைநீர் வளைவில் வழிந்தோடுகிறது. தவழ்ந்தே நுழையக்கூடிய அளவுக்கு வாயில் சிறியதாக இருப்பதால், உறைபனி விழும் இரவுகளிலும் அடுப்பின் வெப்பம் உள்ளேயே தங்குகிறது.

இவை அனைத்தையும் ஒரு நல்ல வரைபடம் காட்டிவிடும். வரைபடத்தில் வராதது கூரையின் புல். தோடர் வழிபாட்டிடத்துக்குரிய சிறப்பான புல் வகை, மேல்நீலகிரியின் புல்வெளிகளுக்கு இடையே உள்ள சதுப்புகளில் வளர்வது. மழை பெய்து ஓய்ந்த பின்னும் நீரைத் தேக்கி ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக வழங்கும் இந்தச் சதுப்புகளும், சோலைக்காடுகளைச் சூழ்ந்த புல்வெளிகளும், காலனிய ஆட்சியின்போதும் அதன்பின்னும் தேயிலைக்காகவும் சீகை, தைலமரத் தோட்டங்களுக்காகவும் பெரிதும் மாற்றப்பட்டன. சீகை மரம் நட்ட இடத்தோடு நில்லாமல் புல்வெளிக்குள் தானே பரவும் இயல்புடையது. சதுப்பு சுருங்கும் இடத்தில் புல் அரிதாகிறது. புல் அரிதானால் கூரை வேய்தல் தடைப்படுகிறது. ஊரே கூடிச் செய்யும் அப்பணி தடைப்பட்டால், மூங்கிலை வளைப்பதும் பிரம்பைக் கட்டுவதும் இளையவர்களின் கைக்குப் பழகாமல் போகின்றன. தோடர் குடும்பங்களில் பெரும்பாலானவை இன்று ஓட்டுவீடுகளிலும் கான்கிரீட் வீடுகளிலும் வசிக்கின்றன. மரபு வடிவம் வழிபாட்டிடங்களிலேயே அதிகமாக நிலைத்திருக்கிறது.

ஆகவே தோடர் வீட்டைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் வடிவமைப்பு வகுப்பு, வில்வளைவின் ஆரத்தைக் கணக்கிடுவதோடு நின்றுவிடலாகாது. அந்தக் கூரைக்குத் தேவையான புல் எத்தனை கட்டு, அது எந்தச் சதுப்பிலிருந்து எந்த மாதத்தில் அறுக்கப்படுகிறது, அந்தச் சதுப்புக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அங்கே அறுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்னும் கேள்விகளுக்கும் மாணவர் வரைபடத்திலேயே விடை காட்ட வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகியவர், பின்னாளில் நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை வடிவமைக்கும்போதும் அதன் மணல் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, கருங்கல் எந்தக் குன்றை உடைத்து எடுக்கப்படுகிறது என்று கேட்பார்.

மூத்தோர் ஆசிரியராகும் வகுப்பறைகள்

இத்தகைய கல்விக்கு முன்மாதிரிகள் உருவாகத் தொடங்கியுள்ளன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சட்பரி நகரிலுள்ள லாரன்ஷியன் பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி, ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிச் சமூகங்களோடு பழங்குடிப் பண்பாட்டையும் தன் அடிப்படை நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்தது. பழங்குடிச் சமூகத்தின் மூத்தோர் அங்கே கற்பித்தலில் பங்கேற்கின்றனர். அவர்களுடைய வழிகாட்டலில் மாணவர்கள் பூர்ச்சமரப் பட்டையால் ஓடம் செய்யக் கற்றிருக்கின்றனர். ஓடம் கட்டடமன்று என்றாலும் அது கற்பிக்கும் பாடம் கட்டுமானத்தின் அடிப்படையைத் தொடுகிறது. மரத்தில் சாறு ஓடும் முன்கோடைப் பருவத்தில்தான் பட்டை கிழியாமல் உரியும். எனவே பள்ளியின் கால அட்டவணை மரத்தின் பருவத்துக்கு இணங்க வேண்டும். பட்டையைத் தைக்க ஊசியிலை மரத்தின் வேரும், விலாச் சட்டத்துக்குச் செடார் மரமும், தையலை அடைக்க மரப்பிசினும் தேவை. எனவே ஓடம் செய்ய விரும்புபவர் ஒரு காட்டின் பல உயிர்களை அறிந்திருக்க வேண்டும். கணினித் திரையில் பொருளைத் தேர்ந்தெடுத்துப் பழகிய மாணவர், பொருள் வளரும் இடத்துக்குச் சென்று அதன் பருவத்துக்காகக் காத்திருக்க நேர்வதே இப்பயிற்சியின் முதல் பயன்.

ஆஸ்திரேலியா இதைத் தொழில்தகுதியின் பகுதியாகவே ஆக்கியுள்ளது. கட்டடக்கலைஞர்களுக்கான அந்நாட்டின் தேசியத் தகுதி வரையறை 2021இல் திருத்தப்பட்டபோது, பழங்குடி மக்களோடு முறையாகக் கலந்து செயலாற்றுவதும், நிலம், நீர், உயிர்கள், மூதாதையர் ஆகிய அனைத்தையும் ஒரே உறவாகக் காணும் அவர்களுடைய நிலப்பார்வையை வடிவமைப்பில் உணர்ந்து நடப்பதும் தேவையான திறன்களாகச் சேர்க்கப்பட்டன. கல்லூரிகளின் அங்கீகாரம் இவ்வரையறையைச் சார்ந்திருப்பதால், விருப்பமுள்ள ஓர் ஆசிரியரின் தனி முயற்சியாக இருந்தது அனைத்துக் கல்லூரிகளின் கடமையாக மாறுகிறது. அந்நாட்டில் கற்பதற்கு உரிய களங்களும் குறைவில்லை. விக்டோரியா மாநிலத்தின் புட்ஜ் பிம் பகுதியில், எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளை அடுக்கி, வெட்டி, கால்வாயும் அணையும் தடுப்பும் அமைத்து, விலாங்கு மீன்களை வளர்த்துப் பிடித்துவந்த குண்டிட்ஜ்மாரா மக்களின் நீரமைப்பு 6,600 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணிக்கப்பட்டு, 2019இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நீரின் ஏற்ற இறக்கத்தையும் மீனின் வலசையையும் கணித்து அமைக்கப்பட்ட இது, நிலவடிவமைப்பு என்னும் துறைக்கு நேரடியான பாடநூலாகும்.

இசைவும் உரிமையும்

அறிவைப் பாடமாக்கும்போது அது யாருடையது என்னும் கேள்வியும் எழுகிறது. ஒரு சமூகத்தின் கட்டுமான நுட்பத்தைப் படமெடுத்துச் சென்று, அதைச் சொகுசு விடுதியின் அலங்காரமாக்கி விற்பது கற்றலாகாது. அது எடுத்துக்கொள்வது மட்டுமே. 2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த பிரகடனம், தங்கள் மரபறிவைப் பேணவும் கட்டுப்படுத்தவும் பாதுகாக்கவும் அம்மக்களுக்கு உள்ள உரிமையைத் தன் 31ஆம் பிரிவில் உறுதிசெய்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும், உயிர்ப்பன்மையோடும் பண்பாட்டுப் பன்மையோடும் தொடர்புடைய மரபறிவின் மீது காடுவாழ் சமூகங்களுக்குக் கூட்டு உரிமை உண்டு என்று ஏற்கிறது. களப்பயிற்சிக்குச் செல்லும் கல்லூரி, ஊர்க்கூட்டத்தின் இசைவை முன்னதாகப் பெறுவது, கற்பிக்கும் மூத்தோருக்குச் சிறப்புப் பேராசிரியருக்கு உரிய மதிப்பும் ஊதியமும் அளிப்பது, வரைபடங்களின் முதல் படியை ஊருக்கே ஒப்படைப்பது, எதை வெளியிடலாம் எதை வெளியிடலாகாது என்னும் முடிவை ஊரிடமே விடுவது ஆகியவற்றை நற்பண்பாகக் கருதுவதோடு நில்லாமல் நெறிமுறையாகவே கொள்ள வேண்டும்.

இவ்வறிவின் எல்லைகளையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். புல்கூரை தீப்பற்றும்; வேர்ப்பாலம் எந்த நிலத்திலும் வளராது; மக்கள்தொகை மிகுந்த நகரத்தின் தேவைகளை மலைக்கிராமத்தின் நுட்பம் அப்படியே நிறைவேற்றிவிடாது. மரபு வீட்டில் வாழ்பவர்கள் உறுதியான, பராமரிப்புக் குறைந்த வீட்டை விரும்புவது அவர்களுடைய உரிமை. மரபு வீட்டைக் காட்சிப் பொருளாக நிலைநிறுத்தும்படி அவர்களைக் கேட்க எவருக்கும் தகுதியில்லை. ஆனால் தற்போதைய நிலையில் அவர்களுக்கு உண்மையான தேர்வு அமைவதில்லை. கான்கிரீட் கூரையை மட்டுமே உறுதியானது என்று கருதும் வீட்டுவசதி நடைமுறையில், மண்ணையும் மூங்கிலையும் மேம்படுத்திப் பயன்படுத்தும் வழி திறக்கப்படுவதே அரிது. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், டெல்லி ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடும் ‘பஹல்’ என்னும் பெயரில் வெளியிட்ட ஊரக வீட்டு வகைகளின் தொகுப்பு, வட்டாரப் பொருள்களையும் மண்டலக் காலநிலையையும் கருத்தில் கொண்ட வடிவமைப்புகள் அரசுத் திட்டத்துக்குள்ளும் சாத்தியம் என்பதைக் காட்டியது. அத்தகைய முயற்சிகளை முன்னெடுத்துச் செல்லும் பயிற்சி பெற்ற கட்டடக்கலைஞர்கள் கல்லூரிகளிலிருந்துதான் வர முடியும்.

இந்தியாவில், 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி கல்வித்தரத்தை வரையறுக்கும் பொறுப்பு கட்டடக்கலை மன்றத்துக்கு உரியது. அந்தத் தரத்திலேயே பழங்குடிச் சூழல் அறிவுக்கு உறுதியான இடம் வேண்டும். மரபுக் கட்டடக்கலை என்னும் விருப்பப் பாடமாக ஓரத்தில் வைப்பதைவிட, கட்டுமானப் பொருள், கட்டமைப்பியல், நிலவடிவமைப்பு, தொழில்நெறி ஆகிய முதன்மைப் பாடங்களின் உள்ளே அதனை வைப்பதே பயன்தரும். ஒரே ஊரோடு படிப்பின் ஐந்து ஆண்டுகளும் தொடர்பில் இருந்து, ஒரு மாணவர் அணி நட்டதை அடுத்த அணி பேணி வளர்க்கும் வகையில் களப்பயிற்சி அமைய வேண்டும். நீலகிரியிலும் பச்சைமலையிலும் கல்வராயனிலும் பிறந்து வளரும் பழங்குடி இளைஞர்கள், ஆய்வுக்கு உட்படுபவர்களாக அன்றி மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் அக்கல்லூரிகளுக்குள் வர வழி அமைய வேண்டும். கட்டடம் என்பது நிலத்தோடு செய்துகொள்ளும் நீண்டகால உடன்பாடு என்பதை இம்மக்கள் நடைமுறையில் மெய்ப்பித்திருக்கின்றனர். அந்த உடன்பாட்டின் விதிகளை அவர்களிடமிருந்து, அவர்களுடைய இசைவோடு, அவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து கற்கும் தலைமுறையே, சூழல் நெருக்கடி மிகுந்த இந்நூற்றாண்டில் பொறுப்போடு கட்டத் தகுதிபெற்ற தலைமுறையாக இருக்கும்.